கார் போர்ச் கூரை இழுக்கும் முன் ஊராட்சி மன்றத்தில் கேட்க வேண்டியவை

தாமான் வீட்டின் சாவி கைக்கு வந்ததும் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் செய்வது இரண்டு வேலை. சன்னலுக்கும் கதவுக்கும் கிரில் போடுவது ஒன்று. வீட்டின் முன்பக்கக் கூரையை கேட் வரை இழுத்து, காருக்கு நிழல் செய்துகொள்வது இன்னொன்று. கிரில் வேலையில் பெரிய வம்பு வருவதில்லை. கூரையும் அதே மாதிரிதான் என்று நினைத்துவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

முன்பணம் வாங்க வரும் குத்தகையாளர் சொல்வது எப்போதும் ஒன்றே: "இந்த ஜாலானில் எல்லாரும் போட்டிருக்கிறார்கள், ஒன்றும் ஆகாது." எல்லாரும் போட்டிருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர்களில் எத்தனை பேரிடம் அனுமதிக் கடிதம் இருக்கிறது என்பது கூரையைப் பார்த்தால் தெரியாது. ஒரு நாள் ஊராட்சி மன்ற அதிகாரிகள் வந்து கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போகும்போது, அதில் இருப்பது வீட்டு உரிமையாளரின் பெயர். குத்தகையாளர் அதற்குள் வேறு தாமானில் வேறு கூரை போட்டுக்கொண்டிருப்பார்.

கார் போர்ச் என்பது ஆடம்பரம் அல்ல. காரும் இரண்டு மூன்று மோட்டார் சைக்கிளும் நிற்பது அங்கேதான். மழை நாளில் துணி காய்வதும், தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு மேசை போடுவதும், கல்யாணத்துக்கு நலங்கு வைப்பதும் அங்கேதான். வீட்டில் துக்கம் என்றால் பெட்டியை வைப்பதும் அதே இடத்தில்தான். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் போடும் கூரை அது. அதை இடிக்க நேர்ந்தால் போட்ட பணமும் போகும், இடிக்கும் செலவும் சேரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தீபகற்ப மலேசியாவில் இதற்கு அடிப்படை 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம். சுருக்கமாகச் சட்டம் 133. அதன் 70-ஆவது பிரிவின்படி, ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி இல்லாமல் யாரும் கட்டடம் எழுப்பக்கூடாது. சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு.

"நான் கட்டடம் கட்டவில்லையே, கூரைதானே போடுகிறேன்" என்று பலர் கேட்பார்கள். அதற்கான பதில் அதே பிரிவில் இருக்கிறது. கட்டடம் எழுப்புதல் என்றால் புதிய வீடு கட்டுவது மட்டுமல்ல. இருக்கும் வீட்டோடு புதிய அடித்தளம் போட்டுச் சேர்ப்பதும், சுவர்களுக்கு இடையே திறந்து கிடக்கும் இடத்தைக் கூரை போட்டு மூடுவதும், குடியிருப்பு வீட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதும் அதற்குள் அடங்கும். ஆக, நான்கு இரும்புத் தூணும் தகரமும் மட்டும்தான் என்றாலும் சட்டத்தின் கண்ணில் அதுவும் கட்டட வேலைதான்.

அனுமதியின்றிக் கட்டினால் விதிக்கக்கூடிய தண்டனையின் உச்ச வரம்பு 50,000 வெள்ளி அபராதம் அல்லது 3 ஆண்டுச் சிறை அல்லது இரண்டும். தீர்ப்புக்குப் பிறகும் குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 1,000 வெள்ளி கூடுதல். ஒரு சாதாரணக் கூரைக்கு உச்ச வரம்பு வரை போகும் என்று பயப்பட வேண்டியதில்லை. கையைக் கடிப்பது அபராதத்தை விட இடிப்புதான். நோட்டீஸ் கொடுத்து இடிக்கச் சொல்லும் அதிகாரம் ஊராட்சி மன்றத்துக்கு உண்டு. உரிமையாளர் செய்யாவிட்டால் தானே இடித்துவிட்டு, அந்தச் செலவையும் அவரிடமே கேட்கலாம்.

சட்டம் 133-க்குக் கீழே 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகள் இருக்கின்றன. சுவர், காற்றோட்டம், தீப்பாதுகாப்பு போன்றவற்றின் அளவுகளைச் சொல்பவை அவை. அவற்றை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே அரசிதழில் வெளியிட்டு நடைமுறைப்படுத்துகிறது. அதற்கும் கீழே ஒவ்வொரு ஊராட்சி மன்றமும் வீட்டுப் புதுப்பிப்புக்கென்று சொந்த வழிகாட்டி வைத்திருக்கிறது. கிள்ளானில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குச் சரியென்று சொன்ன அளவு, சிரம்பானில் இருக்கும் தம்பி வீட்டுக்குச் செல்லாமல் போவது இதனால்தான். எந்த மன்றத்துக்குக் கீழ் வீடு இருக்கிறது என்பதில் சந்தேகம் இருந்தால், ஆண்டுக்கு இரண்டு தவணையாகக் கட்டும் மதிப்பீட்டு வரி பில்லைப் பார்த்தால் போதும். அதில் பெயர் போட்டிருக்கும் மன்றத்தின் கட்டடப் பிரிவுதான் போக வேண்டிய இடம்.

திறந்த கூரை வேறு, மூடிய கராஜ் வேறு

ஊராட்சி மன்றங்கள் பொதுவாக வேலையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கின்றன. பக்கங்கள் திறந்த, இரும்புச் சட்டத்தில் தகரமோ பாலிகார்பனேட்டோ போட்ட இலேசான கூரை ஒரு வகை. பல இடங்களில் இதற்குச் சிறு வேலைக்கான பெர்மிட்டே போதும். படிவம், படம், அளவு குறித்த வரைபடம், கட்டணம் என்று சீக்கிரம் முடிந்துவிடும். கான்கிரீட் தளம், செங்கல் சுவர், மேலே ஓர் அறை என்று போனால் அது முழுக் கட்டட வரைபட விண்ணப்பம். அதற்குப் பதிவு பெற்ற கட்டட வரைவாளரோ கட்டடக் கலைஞரோ வரைபடம் போட்டுச் சமர்ப்பிக்க வேண்டும். வேலையைப் பொறுத்துப் பொறியாளரின் கையெழுத்தும் தேவைப்படும்.

முன்பக்கத்தை முழுக்கச் சுவரெழுப்பி, உருளும் ஷட்டர் போட்டு கராஜாக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடியிருப்பு அறை ஒவ்வொன்றுக்கும் அதன் தரைப் பரப்பில் குறைந்தது 10 விழுக்காட்டு அளவுக்குச் சன்னல் வேண்டும், 5 விழுக்காட்டு அளவுக்காவது காற்று தடையின்றி வந்துபோகத் திறப்பு வேண்டும் என்று துணைவிதி சொல்கிறது. டெரஸ் வீட்டில் இருபுறமும் பக்கத்து வீட்டுச் சுவர். முன்னறைக்கு வெளிச்சமும் காற்றும் வருவது முன்பக்கச் சன்னல் வழியாக மட்டும். அந்தச் சன்னல் மூடிய கராஜுக்குள் திறந்தால் முன்னறை இருட்டறை ஆகிவிடும். கார் புகையும் உள்ளே வரும். விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். தீப்பிடித்தால் ஓடுவதற்கான வழியும் அதே பக்கம்தான் என்பதால், ஷட்டரும் கிரில்லும் பூட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் வீடு உள்ளிருப்பவர்களுக்கே ஆபத்து.

கராஜைப் பட்டறையாக்குவது இன்னும் பெரிய விஷயம். வார இறுதியில் சொந்த மோட்டாரைக் கழற்றிப் பூட்டுவதை யாரும் தடுப்பதில்லை. வாடிக்கையாளர் வண்டிகளை வாங்கித் தொழில் செய்தால் அது நிலப் பயன்பாட்டு மாற்றம். மாநிலங்களில் 1976-ஆம் ஆண்டின் நகர், புறநகர் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, இதற்குப் பொருந்தும். திட்ட அனுமதியின்றி நிலத்தையோ கட்டடத்தையோ வேறு பயன்பாட்டுக்கு மாற்றினால் அதன் உச்ச அபராதம் 500,000 வெள்ளி வரை போகிறது; 2 ஆண்டுச் சிறையும் உண்டு. கோலாலம்பூருக்கு 1982-ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம் தனியாக இருக்கிறது.

கேட்டுக்கு வெளியே இருப்பது யாருடையது?

வீட்டு நிலத்தின் எல்லை பெரும்பாலும் முன்வேலியோடு முடிந்துவிடுகிறது. அதற்கு வெளியே உள்ள கால்வாய், புல்தரை, சாலை எல்லாம் சாலைக்கான ஒதுக்கு நிலம். புல்லை வெட்டுவது வீட்டுக்காரர்தான், வாழை நட்டவரும் அவர்தான் என்பதால் அது அவருடையது ஆகிவிடாது. கூரையின் விளிம்பு, தூண், கார் ஏறும் சரிவு, கேட்டின் கதவு எதுவும் அங்கே நீளக்கூடாது. கேட் வெளிப்பக்கம் திறந்தால் நடப்பவருக்கும் மோட்டாரில் வருபவருக்கும் ஆபத்து என்பதால், உள்ளே திறக்கும்படியோ பக்கவாட்டில் நகரும்படியோ செய்வதே சரி.

கால்வாயை முழுக்கக் கான்கிரீட்டால் மூடிக் கார் ஏற வழி செய்வது பல தாமான்களில் காணும் காட்சி. ஒரு வீட்டில் மூடினால் அடைத்துக்கொள்வது மேலே இருக்கும் ஐந்தாறு வீட்டுத் தண்ணீர். வெள்ளம் ஏறியதும் மன்றத்தார் வந்து முதலில் உடைப்பது அந்தத் தளத்தைத்தான். சுத்தம் செய்யத் தூக்கக்கூடிய இரும்புக் கம்பி மூடியா, வேறு வகையா, எவ்வளவு அகலம் என்பதைக் கட்டடப் பிரிவில் கேட்டுவிட்டே போட வேண்டும்.

எல்லைக்கு உள்ளேயும் ஒரு கோடு உண்டு. சாலையிலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் வீட்டின் முக்கியச் சுவர் வரலாம் என்பதைக் குறிக்கும் கட்டடக் கோடு அது. திறந்த கார் போர்ச்சுக்கு அந்தக் கோட்டைத் தாண்டி முன்னே வர இடம் தருவார்கள். சுவரும் அறையும் அப்படி வர முடியாது. எத்தனை அடி என்பது மன்றத்துக்கு மன்றம், முனை வீட்டுக்கும் நடு வீட்டுக்கும்கூட மாறும். முனை வீட்டுக்காரர்களுக்கு இரண்டு பக்கமும் சாலை என்பதால் இரண்டு கோடு. பக்கவாட்டில் நிறைய இடம் இருப்பதைப் பார்த்து ஏமாறுபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

தரைக்கு அடியிலும் பார்க்க வேண்டியது இருக்கிறது. பழைய தாமான்களில் வீட்டின் முன்பகுதியிலேயே கழிவுத்தொட்டி புதைந்திருக்கும். புதிய தாமான்களில் கழிவுநீர்க் குழாயின் ஆள்நுழைவுக் குழி சில வீடுகளின் வளாகத்துக்குள் வந்துவிடும். அதன் மேல் டைல்ஸ் ஒட்டி மறைத்துவிட்டால், அடைப்பு வரும் நாளில் அழகான தரையை உடைத்துத்தான் மூடியைத் தேட வேண்டும். தண்ணீர் மீட்டர், மின்சார வாரியத்தின் நிலத்தடிக் கம்பி, தலைக்கு மேலே போகும் கம்பி ஆகியவற்றையும் தூண் குழி வெட்டும் முன் குறித்துக்கொள்வது நல்லது. கிள்ளான் போன்ற இளகிய மண்ணில் ஆழமில்லாத குழியில் நட்ட தூண் காலப்போக்கில் இறங்கும். அந்தத் தூணோடு கட்டிய கூரை, வீட்டுச் சுவரையும் சேர்த்து இழுத்து விரிசல் விடும்.

நிலம் எந்த வகை?

கட்டடப் பிரிவுக்குப் போகும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பார்க்கக்கூடியது நிலப்பட்டா. பழைய வழக்கில் சொன்னால் கிரான். அதில் நிலத்தின் வகை கட்டடமா வேளாண்மையா, வெளிப்படையான நிபந்தனை என்ன, ஏதேனும் கட்டுப்பாடு உண்டா என்பதெல்லாம் மலாய் மொழியில் எழுதியிருக்கும். புரியாவிட்டால் மாவட்ட நில அலுவலகத்தில் கேட்கலாம். சிலாங்கூரில் இருப்பவர்கள் வட்டார இந்திய சமூகத் தலைவரிடம் காட்டி உதவி பெறலாம்.

தோட்டத்து லயங்களில் இருப்பவர்களின் நிலைமை வேறு. நிலமும் வீடும் நிறுவனத்தின் சொத்து. தொழிலாளர் குடியிருப்பின் தரத்துக்குச் சட்டம் 446 என்ற தனிச் சட்டமும் இருக்கிறது. குடியிருப்பவர் தன் பெயரில் ஊராட்சி மன்றத்தில் விண்ணப்பம் போட முடியாது. போட வேண்டியது நிலத்தின் உரிமையாளர். இருந்தும் மோட்டாருக்கும் பழைய காருக்கும் நிழல் வேண்டுமே என்று சொந்தச் செலவில் தகரம் இழுத்தவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். "பெரிய கிராணியிடம் சொல்லிவிட்டேன்" என்பது போதாது. நிர்வாகத்திடம் சிறு கடிதமாவது எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். கூரையைக் கழற்றி எடுத்துப் போகலாமா என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்வது நல்லது. வீட்டைக் காலி செய்யும் நாளில் அந்தத் தகரம் யாருடையது என்ற பேச்சு வரும்போது கையில் காகிதம் இருந்தால் மட்டுமே வாய் திறக்க முடியும்.

தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் இருக்கும் நிலம், அதாவது டிஓஎல் நிலம், இன்னும் நிலையற்றது. அந்த உரிமம் எந்த ஆண்டு எடுத்தாலும் அந்த ஆண்டு முடிவுக்கு மேல் செல்லாது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். இருபது ஆண்டாகப் புதுப்பித்து வந்திருந்தாலும் அது பட்டா ஆகாது. அங்கே கான்கிரீட்டில் பணத்தைக் கொட்டுவதைவிட, கழற்றி எடுக்கக்கூடிய இரும்புச் சட்டத்தோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். அதையும் நில அலுவலகத்தில் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

தோட்டத்தை விட்டுப் புதிய தாமானுக்கு வந்தவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். சாவி கிடைத்த நாளிலிருந்து 24 மாதங்களுக்கு வீட்டின் குறைகளைச் சரிசெய்து தரும் பொறுப்பு மேம்பாட்டாளருக்கு உண்டு. அந்தக் காலத்துக்குள் கூரையை உடைத்துத் தூண் சேர்த்தால், பிறகு வரும் ஒழுக்குக்கும் விரிசலுக்கும் "நீங்கள் செய்த வேலையால் வந்தது" என்ற பதில் வரும். வீடு வங்கிக் கடனில் இருந்தால் கடன் ஒப்பந்தத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். கட்டமைப்பை மாற்றும் முன் வங்கியின் சம்மதம் கேட்கும் ஒப்பந்தங்கள் பல. ஸ்ட்ராத்தா பட்டா உள்ள தரை வீடுகளில் நிர்வாக அமைப்பின் எழுத்துச் சம்மதம் முதலில், ஊராட்சி மன்றம் அதற்குப் பிறகு.

கவுண்டரில் என்ன செய்வது?

கட்டடப் பிரிவுக்குப் போகும்போது பட்டா நகல் அல்லது வாங்கல் ஒப்பந்தம், மதிப்பீட்டு வரி ரசீது, அடையாள அட்டை, வீட்டின் முன்பக்கத்தை எதிர்ச் சாலையிலிருந்து எடுத்த படம், நீள அகலம் குறித்த ஒரு கைவரைபடம் ஆகியவை இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். கூரையின் முன் விளிம்பு எதுவரை வரலாம், பக்கத்து வீட்டு எல்லைச் சுவரிலிருந்து எவ்வளவு விட வேண்டும், சிறு பெர்மிட்டா முழு வரைபடமா, அண்டை வீட்டாரின் சம்மதக் கடிதம் தேவையா, கட்டணமும் டெபாசிட்டும் எவ்வளவு என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சொன்ன அதிகாரியின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்வதில் தவறில்லை.

பெர்மிட் எடுத்துத் தருகிறேன் என்று குத்தகையாளர் சொல்வது வழக்கம். பலர் நேர்மையாகச் செய்கிறார்கள். சிலர் பெர்மிட் பணத்தை வாங்கிக்கொண்டு விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் வேறுபடுத்துவது ஒரு ரசீது. ஊராட்சி மன்றத்தின் பெயரும் வீட்டு முகவரியும் இருக்கும் அதிகாரப்பூர்வ ரசீதை, இரும்பு வந்து இறங்கும் முன் கண்ணால் பார்க்க வேண்டும். குத்தகையாளரின் சொந்த பில் புத்தகத்தில் "பெர்மிட்" என்று எழுதியிருப்பது எதற்கும் உதவாது. அவர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியில் பதிவு பெற்றவரா என்பதையும் கேட்டுவிடலாம். ஒப்பந்தத்தில் அனுமதிக் கடிதம் கிடைத்த பிறகே இரண்டாம் தவணை என்று ஒரு வரி எழுதினால் போதும். பிறகு பெர்மிட்டை விரட்டும் வேலையை அவரே பார்த்துக்கொள்வார்.

கடிதம் வந்ததும் அதில் உள்ள கால வரம்பையும் நிபந்தனைகளையும் படித்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். மணலையும் கல்லையும் சாலையில் கொட்டுவது தனிக் குற்றம். மழை பெய்தால் அந்த மணல் கால்வாய்க்குத்தான் போகும்.

பக்கத்து வீட்டார்

அதிகாரிகள் ஒவ்வொரு சாலையாகக் கூரைகளை எண்ணிக்கொண்டு போவதில்லை. பல நேரங்களில் அவர்களை வரவழைப்பது அண்டை வீட்டாரின் புகார். புகாருக்குக் காரணம் பெரும்பாலும் மழைத் தண்ணீர். கூரையின் சரிவு பக்கத்து வீட்டுப் பக்கம் இருந்து, தண்ணீர்த் தொட்டி போடாமல் விட்டால், ஒரு நல்ல மழையிலேயே அவர்கள் வாசல் குளமாகும். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் துளை போட்டு இரும்பு உத்திரத்தைச் சொருகுவது அடுத்த காரணம். சரிவைச் சொந்த வளாகத்துக்குள் வைத்து, தண்ணீரைக் குழாய் வழியாகச் சொந்தக் கால்வாய்க்கு இறக்கி, உத்திரத்தைத் தனித் தூணில் நிறுத்தினால் இரண்டுமே வராது. சம்மதக் கடிதம் கட்டாயமில்லாத ஊரிலும் வேலை தொடங்கும் முன் ஒரு மாலையில் போய்ச் சொல்லிவிட்டு வருவது, பிறகு வரும் பத்து வருடப் பகையைத் தவிர்க்கும்.

ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால்?

நோட்டீஸ் வந்தவர்கள் செய்யக்கூடாதது, அதை மடித்து அலமாரியில் வைப்பது. அதில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதிக்குள் கட்டடப் பிரிவுக்கு நேரில் போய், இருக்கும் கூரையை அளந்து வரைபடம் போட்டு அனுமதிக்கு விண்ணப்பிக்க வழியுண்டா என்று கேட்க வேண்டும். சில மன்றங்கள் கூடுதல் கட்டணத்தோடு அதை ஏற்கின்றன. எல்லைக்கு உள்ளே, திறந்த பக்கங்களோடு இருக்கும் கூரைக்கு வாய்ப்பு அதிகம். கால்வாய்க்கு மேலும் சாலை ஒதுக்கு நிலத்திலும் நீண்டிருக்கும் பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும். அதற்கு எந்த அரசியல்வாதியின் கடிதமும் உதவும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நோட்டீஸ் வராதவர்களுக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வரும், வீட்டை விற்கும்போது. வாங்குபவரின் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் அனுமதியில்லாத கட்டுமானத்தை மதிப்பில் சேர்க்காமல் விடக்கூடும். வாங்குபவரோ அதைக் காட்டி விலையைக் குறைப்பார். தீயோ புயலோ வந்து காப்புறுதி இழப்பீடு கேட்கும்போதும் அனுமதிக் கடிதம் எங்கே என்ற கேள்வி எழலாம்.

அனுமதிக் கடிதம், முத்திரையிட்ட வரைபடம், கட்டண ரசீது, டெபாசிட் ரசீது ஆகிய நான்கையும் பட்டாவோடு ஒரே உறையில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து, சாலையும் கால்வாயும் பழையபடி இருக்கின்றன என்று அதிகாரி பார்த்த பிறகு டெபாசிட்டைத் திரும்பக் கேட்கலாம். கூரை போட்ட மகிழ்ச்சியில் அதைக் கேட்க மறந்துவிடுபவர்கள் உண்டு. கேட்கப் போகும்போது மூல ரசீது கையில் இருக்க வேண்டும்.